மேனேஜரின் வாய்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் நலம். உன் உடம்பு எப்படி? பண்ணைத் தூசியில் வந்த இருமல் போய்விட்டதா? போன் டவர் இல்லாத காட்டில் உட்கார்ந்துகொண்டு, தீவன லாரியில் தபால் வாங்கிக்கொண்டு, கோழிகளுக்கு டாக்டராக இருக்க உன் ஒருவனால்தான் முடியும்.

விஷயம் மேனேஜரைப் பற்றி. நீ படிக்கிற காலத்தில் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து என் தலையில் கட்டினாயே, அதே பூனைதான். இன்றும் என் துணி வெட்டும் மேசையின் மூலையில் உட்கார்ந்து, தையல்காரப் பெண்கள் வேலை செய்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கிறான். ஆனால் கொஞ்ச நாளாக வாயில் எச்சில் வழிகிறது. கல்யாணப் பெண்ணுக்குத் தைக்க வந்த வெள்ளைத் துணியில் நூல்நூலாக வழியவிட்டான். நாற்றமோ, சுவருக்குள் எலி செத்துக் கிடப்பது போல. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் தின்கிறான்.

மெயின் ரோட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி, அந்த இடத்தைப் பற்றி எழுதவே எனக்குக் குமட்டுகிறது. சுவர் முழுக்க டாக்டரின் படம்தான். நாய்க்குட்டியோடு டாக்டர், முயலோடு டாக்டர், கிளியோடு டாக்டர். நேரில் அந்த மனுஷன் மேசைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். உதவியாளர்தான் பூனையைப் பிடிக்கிறார், எடை பார்க்கிறார், ஊசி போடுகிறார். சிரிப்பு டாக்டர் எழுந்திருக்கவே இல்லை.

"வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். ஈறு வீக்கம். ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"வாயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன்.

"பார்த்துட்டேன்மா" என்றார். எங்கிருந்து பார்த்தார் என்று அவருக்குத்தான் வெளிச்சம். நீயே சொல், இது என்னவாக இருக்கும்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

---

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டுப் போக மனசில்லை. அத்தானின் முழங்கால் வலி எப்படி?

அம்மாவின் சட்டத்தை நீயே மீறிவிட்டாயே! கெட்ட சேதியைக் காகிதத்தில் எழுதினால் அது வீட்டோடு தங்கிவிடும், நேரில்தான் சொல்ல வேண்டும் என்பாள். அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட ஹாஸ்டலுக்கு வந்த கடிதத்தில் 'எல்லோரும் நலம், மற்றதை நேரில் சொல்கிறேன்' என்றுதான் இருந்தது. உன் கையெழுத்துதான். அதைப் படித்த உடனே பஸ் ஏறினேன், ஞாபகம் இருக்கிறதா?

மேனேஜரைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் வழிகிறது? தாடையில் வீக்கம் உண்டா? அடுத்த முறை நாக்கைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல். நீயாக முயற்சி செய்யாதே, மேனேஜர் உன்னை வேலையை விட்டே தூக்கிவிடுவார்.

அன்புத் தம்பி

---

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் நலமில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேசும் வாய் நலமாகவே இருக்கிறது. வாய் நாற்றமெல்லாம் கெட்ட சேதியில் சேராது, அதனால் எழுதலாம் என்று நானே அம்மாவின் சட்டத்தைத் திருத்திவிட்டேன்.

வழிவது இடது பக்கம். வீக்கம் தெரியவில்லை. ஊசி போட்டதும் நாலைந்து நாள் பழைய மேனேஜராகத் திரிந்தான். எனக்கே டாக்டரைத் திட்டியது பாவமோ என்று தோன்றிவிட்டது. பிறகு மறுபடி அதே எச்சில், அதே நாற்றம். மறுபடி அதே கிளினிக்.

நாக்குக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். "யார் சொன்னாங்க?" என்றார் சிரிப்பு டாக்டர். "என் தம்பி. அவனும் டாக்டர்தான், கோழிப் பண்ணையில இருக்கான்" என்றேன். ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், அந்த முகத்தை என் இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கலாம் போல இருந்தது. "கோழி வேற, பூனை வேறம்மா. கோழிக்குப் பல்லே கிடையாதே!" என்று உதவியாளரைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே மறுபடி அதே ஊசியை எழுதினார். கூடவே பூனைக்கென்று ஒரு பற்பசை. கோழி வாசனையாம்! உன் பண்ணைச் சரக்காக இருந்தாலும் இருக்கும்.

பூனையே பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற உன் அத்தான், துண்டைப் போர்த்திக்கொண்டு மேனேஜருக்குப் பல் தேய்க்க உட்கார்ந்தார். இப்போது அவர் கையில் கட்டு. "கடிக்கிற தெம்பு இருக்கு, பயப்படாதே" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

உன் இருமலுக்கு வெந்நீர் குடி. சீக்கிரம் பதில் போடு.

அக்கா

---

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே? லாரிக்காரர் வெறுங்கையோடு வந்து போய்விட்டார். கோழிகள் உன்னை எழுத விடவில்லையா?

மேனேஜருக்குப் பல் பிடுங்கியாயிற்று. ஆடிக்கொண்டிருந்த இடது கீழ்ப் பற்கள். "இதுதான் காரணம். எடுத்துட்டா சரியாயிடும், ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். பிடுங்குவதற்கென்று வெளியிலிருந்து ஒருவர் வருவாராம். முகத்தைக்கூடக் காட்டவில்லை, பின்பக்கமாக வந்து பின்பக்கமாகப் போய்விட்டார். கொண்டுபோன கூடையிலேயே மயக்கம் தெளியாத பூனையைப் போட்டு, வாயில் ரத்தம் ஒழுக ஒழுக, கவுண்டர்ப் பெண் தள்ளிவிட்டாள். துடைத்துவிட ஒரு பஞ்சு கேட்டதற்கு "உள்ளே கேளுங்க" என்றாள். உள்ளே கேட்டால் "கவுண்டர்ல கேளுங்க." என் முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சேலையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகிற வழியாக இல்லை.

இப்போது அந்த இடம் சிவந்து, சதை பொங்கியது போல இருக்கிறது. சிரிப்பு டாக்டரிடம் கேட்டால், "பிடுங்கினவர்தான் பார்க்கணும்" என்கிறார். பிடுங்கியவர் எப்போது வருவார் என்று கேட்டால், "பிடுங்குறதுக்கு மட்டும்தான் வருவார்" என்கிறார். இதை என்னவென்று சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா? ஆறாமல் இருந்தால், அங்கிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல். கட்டாயம் சொல். தாடையைத் தொட்டுப் பார், கெட்டியாக இருக்கிறதா?

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். மற்றதை நேரில் சொல்கிறேன்.

தம்பி

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஒரு பூனையின் பல்லுக்காக யாராவது லீவு போடுவார்களா? எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது எட்டிப் பார்க்காதவன், மேனேஜருக்கு ஓடி வருகிறாயாம். வந்தால் வா, கறிவேப்பிலை மாதிரி என்னை ஒதுக்கிவிட்டு அவனையே கொஞ்சிவிட்டுப் போ.

இடம் ஆறவில்லை. சதைத் துணுக்கைப் பற்றிச் சொன்னேன். "தேவையில்லாம எதுக்கும்மா வெட்டணும்? ஒண்ணும் இல்லம்மா, மருந்து மாத்தித் தரேன்" என்றார் சிரிப்பு டாக்டர். ஒரு களிம்பு கொடுத்தார். வீட்டில் வந்து பார்த்தால் அட்டையில் நாய்ப் படம், நாய்க் காதில் போடுகிற களிம்பு. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல் "அதுவும் போடலாம்" என்றார். நான் அளவு தவறித் தைத்த ரவிக்கையை, "இதையும் போடலாம்" என்று ஒருத்தியிடம் கொடுத்தால் என் கடையின் கண்ணாடி முழுசாக இருக்குமா?

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன். வேறு என்ன செய்ய?

அத்தான் உன்னை மிகவும் விசாரித்தார். உன் இருமல் என்னாயிற்று? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

அக்கா

---

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா? என்னால் வர முடியவில்லை. பண்ணைக்குள் நோய் புகுந்துவிட்டது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள், யாரும் வெளியே போகக் கூடாது. காகிதத்தைக்கூட மருந்து தெளித்துத்தான் விடுகிறார்கள், இந்தக் கடிதம் நாறினால் அதுதான் காரணம்.

நாறுவதற்கு இங்கே வேறு காரணங்களும் உண்டு. எல்லாக் கோழிகளையும் அழித்துவிட உத்தரவு. சீக்கு வந்தது, வராதது எல்லாவற்றையும். நான் முகமூடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொட்டகையாகக் கைகாட்டுகிறேன், ஆட்கள் மூட்டை கட்டுகிறார்கள். வைத்தியம் படித்தவன் செய்கிற வேலை இது. ஒரு உயிரைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்து, குணமாக்கி அனுப்பி எத்தனை வருஷமாகிறதோ எனக்கே ஞாபகமில்லை.

அந்த ஊசியை இனிப் போட வேண்டாம். அந்தக் கிளினிக்குக்கும் போக வேண்டாம். மேனேஜர் எதைக் கேட்கிறானோ அதைக் கொடு. மீனை முள் எடுத்து மசித்துக் கொடு. மேசையை விட்டு இறக்காதே. கேட்டைத் திறந்ததும் வந்துவிடுகிறேன்.

தம்பி

---

மே 14

தம்பி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மேனேஜரின் தாடை ஒரு பக்கம் கல் மாதிரி வீங்கிவிட்டது. மீனை மசித்துக் கொடுத்தால் முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கிறான். அத்தான் எங்கோ விசாரித்து, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கிற ஒரு டாக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் ஒரு படம் இல்லை. அந்த அம்மா கையைக் கழுவினார், மேனேஜரின் தலையைத் தடவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார், வாயைத் திறந்தார், விளக்கடித்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. இத்தனை மாதமாக நான் கெஞ்சிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

"புற்றும்மா. எலும்பு வரைக்கும் போயிருக்கு. இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார். "பல் எடுத்த புண் ஆறாம இருந்திருக்குமே. அப்பவே யாரும் சொல்லலையா?"

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஆறிவிட்டதா, ஆறிவிட்டதா. கெட்டியாக இருக்கிறதா. துணுக்கு எடுக்கச் சொல். எதற்கு எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை உண்டா? உனக்குத் தெரியும். மார்ச் மாதமே தெரியும். அந்த ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றான், சரி, அவன் கழிசடை. அவன் பூனையின் வாயைத் திறந்து பார்க்கவில்லை, நீ உன் வாயைத் திறந்து சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாயில்லா ஜீவன் தன் வாய் அழுகுவதைத் தானே முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உன்னைப் படிக்க வைத்ததை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டாக்டர் அம்மா வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். சாப்பாட்டை அடியோடு நிறுத்தினால் சொல்லச் சொன்னார், வீட்டுக்கே வருவாராம். இன்னும் கொஞ்சம் பால் குடிக்கிறான்.

அத்தான் உன் இருமலைப் பற்றிக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

அக்கா

---

மே 27

அக்கா,

நீ எழுதியது எல்லாம் சரி. மார்ச்சில் உன் கடிதத்தில் 'சதை பொங்கியது போல' என்று படித்தபோதே என்னவென்று தெரிந்துவிட்டது. நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா சொன்னபடி செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு எழுதப் பயம். அந்தச் சிரிப்பு டாக்டரைவிட நான் எந்த விதத்திலும் மேலில்லை. அவனாவது சிரித்தான்.

இப்போது எழுதுகிறேன். சாப்பாட்டை நிறுத்தும் வரை காத்திருக்காதே. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. பால் குடிக்கிறான் என்பதால் வலி இல்லை என்று அர்த்தமில்லை, பசி இருக்கிறது என்றுதான் அர்த்தம். தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டானா என்று பார். நிறுத்தியிருந்தால் அந்த அம்மாவை உடனே வரச் சொல். முதலில் தூங்க ஒரு ஊசி, அப்புறம் உயிர் அடங்க இன்னொன்று. வலிக்காது. கடைசி வரை நீ கையை எடுக்காதே. அவனுக்குப் பிடித்த இடத்தில், மேசை மேலேயே வைத்துச் செய்யச் சொல்.

இதை நான்தான் வந்து செய்திருக்க வேண்டும். பண்ணைக் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் இப்போதைக்கு என்னால் வர முடியாது.

என் இருமலைப் பற்றி அத்தான் கேட்டாரே, அதை நேரில் சொல்கிறேன். அவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

தம்பி

---

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

மேனேஜர் போய்விட்டான். நம் வீட்டில் முதல்முறையாக ஒரு சாவைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அவன் முதுகைத் தடவிப் பார்த்தேன். மயிர் சிக்குப் பிடித்து, துணி மேல் ஒட்டிய பிசின் மாதிரி இருந்தது. நக்கி எத்தனை நாளாயிற்றோ, நான் கவனிக்கவே இல்லை. மறுநாள் டாக்டர் அம்மா வந்தார். நீ சொன்னபடி மேசை மேலேயே. தையல்காரப் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். நான் கையை எடுக்கவில்லை. பூனையே பிடிக்காத மனுஷர் பின்கட்டில் குழி தோண்டிவிட்டு, முழங்கால் வலியில் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அதற்கடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து ஒரு அட்டை வந்தது. 'அன்பு மேனேஜரே, உங்கள் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது!' சிரிப்பு டாக்டரின் படமும் போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே போனேன். காத்திருக்கிற இடம் நிறைய ஜனம். ஒவ்வொருவரிடமும் போய், "உள்ளே போனா அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க. வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. பார்க்காம ஊசி போட விடாதீங்க" என்று சொன்னேன். கவுண்டர்ப் பெண் "கிளம்புங்கம்மா" என்று கத்தினாள். சிரிப்பு டாக்டர் வெளியே வந்தார். முதல்முறையாக அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்தேன். அட்டையை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, வாசலில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. உன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவன் நேர்ல சொல்றேன்னு எழுதினப்பவே உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும், தம்பி. அம்மாவுக்காக அந்த வரியை உனக்கு எழுதியவளே நான்தானே. நம் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் ஏது? தெரிந்தும் அடுத்த வியாழக்கிழமை அதே கிளினிக்குக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். ஒண்ணும் இல்லம்மா என்று சொல்ல உலகத்தில் அந்த ஒருவன்தான் இருந்தான். அதைக் கேட்கத்தான் போனேன். அவன் வாசலில் துப்பிய எச்சில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

போகட்டும். மேனேஜருக்கு உள்ளதை எழுதிவிட்டாய். உனக்கு மட்டும் என்ன, 'நேரில் சொல்கிறேன்'? ஜனவரியிலிருந்து விடாத இருமல், கேட்டைத் திறந்தும் வர முடியாத உடம்பு. என்னைக் குழந்தை என்று நினைத்தாயா? ஒண்ணும் இல்லை என்று சொல்கிறவனிடம் மறுபடி போய் உட்கார எனக்குத் தெம்பில்லை.

நேரில்தான் சொல்வாய் என்றால் சரி, நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன். லாரிக்காரரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை இந்தக் கடிதமும் நானும் ஒரே லாரியில் வருகிறோம். கடிதத்தை அவர் உள்ளே கொண்டுவந்து கொடுப்பார், நான் கேட்டில் நிற்பேன். இதைப் படித்து முடித்ததும் வெளியே வா. துணிமணி எடுத்து வைக்க வேண்டாம், நான் எடுத்து வைக்கிறேன். முதலில் அந்த டாக்டர் அம்மாவிடம் போய், மனுஷர்களுக்கு அவரைப் போல ஒருவர் இருந்தால் சொல்லச் சொல்லிக் கேட்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று இந்த முறை எழுதவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா